ஊர்ல இருக்கிற அப்பா அம்மா போனுக்கு ரீசார்ஜ்: வருஷக் கணக்கு போட்டுப் பார்த்திருக்கீங்களா?

சென்னையிலோ பெங்களூர்லயோ வேலை பார்க்கிற நம்மில் பலருக்கு இது பழகின விஷயம். "போன்ல பேலன்ஸ் தீந்துபோச்சுப்பா"ன்னு பக்கத்து வீட்டு போன்ல இருந்து அம்மா கூப்பிடுவாங்க. நாமளும் நமக்குப் போடுற அதே பிளானை அவங்களுக்கும் போட்டு விட்டுடுவோம். வாடகை, எஸ்ஐபி எல்லாத்துக்கும் எக்செல் ஷீட் வச்சிருக்கிற நாம, இந்தச் செலவை மட்டும் எழுதறதே இல்லை. இன்னைக்கு எழுதிப் பார்த்துடுவோம்.

28 நாளும் ஒரு மாசமும் ஒண்ணில்லை

28 நாள் பிளான்னா வருஷத்துக்கு 13 ரீசார்ஜ் வரும். ஒரு பிளான் 300 ரூபாய்னு வச்சுக்குவோம். ஒரு போனுக்கு 3,900 ரூபாய். ரெண்டு பேருக்கும் சேர்த்து 7,800 ரூபாய்.

இதுல அவங்க நிஜமா பயன்படுத்துறது எவ்வளவு? டவர் தூரமா இருக்கிற ஊர்ல, தினம் 1.5 ஜிபி இருந்தாலும் வீட்டுக்குள்ள வீடியோ கால் நிக்காது. சிக்னல் தேடி மொட்டை மாடிக்கோ தெருமுனைக்கோ போகணும். மிச்ச டேட்டா ராத்திரி 12 மணிக்குக் காலாவதி. நகரத்துல இருக்கிற நாம கொடுக்கிற அதே விலையைக் கொடுத்து, அவங்க பாதி சேவையைத்தான் வாங்குறாங்க.

யாருக்கு எது தேவை?

*பட்டன் போன் வச்சிருந்தா:* டேட்டாவே வேண்டாம். கால், எஸ்எம்எஸ் மட்டும் உள்ள பிளான்களைக் கட்டாயம் தரணும்னு 2024 டிசம்பர்ல டிராய் விதி கொண்டுவந்தது. 365 நாள் வேலிடிட்டி வரைக்கும் தரலாம்னும் சொன்னது. 2025 தொடக்கத்துல ஏர்டெல்லோட ஒரு வருஷ பிளான் 1,849 ரூபாய். மேலே போட்ட 3,900-ல பாதிக்கும் கீழ! விலை மாறியிருக்கலாம், ஆப்ல பார்த்துட்டுப் போடுங்க.

*ஸ்மார்ட்போன் வச்சிருந்தா:* பிளானுக்கு முன்னாடி நெட்வொர்க்கைப் பாருங்க. கவரேஜ் மேப்பை நிறுவனங்கள் தங்களோட இணையதளத்துல வெளியிடணும்னு டிராய் சொல்லியிருக்கு. உங்க ஊரைப் பெரிசாக்கிப் பாருங்க. பக்கத்து வீட்டுல எந்த சிம் எடுக்குதுன்னும் கேளுங்க. வேற நெட்வொர்க் நல்லா எடுத்தா, நம்பரை மாத்தாமலே போர்ட் பண்ணிக்கலாம்.

*வீட்டுல மூணு நாலு போன் இருந்தா:* ஃபைபர் கனெக்ஷன் கிடைக்குதான்னு விசாரிங்க. 399 ரூபாய் பிளானுக்கு 18% ஜிஎஸ்டி சேர்த்தா மாசம் 471 ரூபாய். வைஃபை காலிங் வசதி உள்ள போன்னா, சிக்னல் இல்லாத அறையிலயும் பேசலாம். கரண்ட் போனா ரௌட்டரும் போயிடும், அதனால ஒரு சின்ன யூபிஎஸ் செலவையும் சேர்த்துக்கோங்க.

ஊருக்குக் கேபிள் வந்தாச்சா?

கிராமப் பஞ்சாயத்துகளை ஃபைபரால் இணைக்கிற மத்திய அரசுத் திட்டம் 2011-ல் தொடங்கியது. இப்போ அதுக்குப் பேர் பாரத்நெட். தமிழ்நாட்டுல 12,525 கிராமப் பஞ்சாயத்துகளை இணைக்கிற வேலை டான்ஃபிநெட் நிறுவனத்துக்கிட்ட இருக்கு. இந்த மாதிரி திட்டங்களுக்காகவே டெலிகாம் நிறுவனங்கள் தங்களோட வருவாய்ல 5% ஒரு நிதிக்குக் கட்டுறாங்க. அதாவது, நாம போடுற ஒவ்வொரு ரீசார்ஜ்லயும் கிராம இன்டர்நெட்டுக்கு ஒரு பங்கு போகுது.

ஆனா கேபிள் பஞ்சாயத்து அலுவலகம் வரைக்கும் வர்றது வேற, உங்க வீட்டு வாசலுக்கு வர்றது வேற. அங்கிருந்து வீட்டுக்கு இழுத்துத் தர ஒருத்தர் வேணும். உங்க ஊர் கேபிள் டிவி ஆபரேட்டரையும், பஞ்சாயத்து அலுவலகத்தையும் கேளுங்க.

மிச்சம் பிடிக்கக் கூடாத இடம்

"அம்மா போனுக்கு அடுத்த மாசம் போட்டுக்கலாம்"னு விடாதீங்க. பிளான் முடிஞ்சு சில நாள்ல இன்கமிங் கால், எஸ்எம்எஸ் எல்லாம் நிக்கும். அப்புறம் பேங்க் ஓடிபி வராது, பணம் எடுத்த எஸ்எம்எஸ் வராது. 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாம, 20 ரூபாய் பேலன்ஸும் இல்லாம இருந்தா, நம்பரையே முடக்கலாம். பிறகு அது வேற ஒருத்தருக்குப் போகும். பேங்க்ல நம்பர் மாத்தணும்னா அப்பா பஸ் ஏறி டவுனுக்குப் போய் வரிசையில நிக்கணும். பஸ் காசோட அன்னைக்குக் கூலியும் போச்சு.

இன்டர்நெட் இல்லாமலே பணம் அனுப்ப பட்டன் போனுக்கு யூபிஐ 123பே இருக்கு. 2022 மார்ச்ல வந்தது. இதைச் சொல்லிக் கொடுக்கும்போதே இன்னொண்ணும் சொல்லிடுங்க: பணம் வாங்க பின் நம்பர் போட வேண்டியதில்லை. யாராவது கேட்டா அது மோசடி. ஏமாந்துட்டா உடனே 1930-க்கு அழைக்கணும். இந்த நம்பரை அவங்க போன்லயே சேவ் பண்ணி வைங்க.

இந்த வாரம் செய்ய வேண்டியது

1. வீட்டுல இருக்கிற ஒவ்வொரு போனுக்கும் பிளான், முடியும் தேதி, நெட்வொர்க் மூணையும் எழுதுங்க.
2. எந்த நம்பர் பேங்க்ல இருக்கோ, அதுக்கு நீண்ட வேலிடிட்டி போட்டு, முடியறதுக்கு ஒரு வாரம் முன்னாடி ரிமைண்டர் வைங்க.
3. வருஷத் தொகையை 12-ஆல் வகுத்து, மாச பட்ஜெட்ல "ஊர் இன்டர்நெட்"னு தனி வரி போடுங்க.

உங்க வீட்டுக் கணக்கு எவ்வளவு வந்தது, உங்க ஊர்ல எந்த நெட்வொர்க் எடுக்குதுன்னு வீடியோவுக்குக் கீழ எழுதுங்க. அதே ஊர்க்காரர் ஒருத்தருக்கு அது கண்டிப்பா உதவும்.