ஈவென்ட் ஃப்ளாக்: எதற்கு ஆகும், எதற்கு ஆகாது

சமையலறைக்கு வரும் தண்ணீர் லைன்ல ஒரு ஒய்எஃப்-எஸ்201 ஃப்ளோ சென்சார் மாட்டி, ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் செலவாகுதுன்னு பார்க்க ஒரு கருவி செய்தேன். ஈஎஸ்பி32 போர்டு, உள்ளே ஃப்ரீஆர்டிஓஎஸ். 20 லிட்டர் கேனைப் பிடித்துச் சோதித்தால் கணக்கில் 17 சொச்சம்தான் வந்தது. முதலில் சென்சாரைத்தான் திட்டினேன். தப்பு என் கோடில் இருந்தது: ஈவென்ட் ஃப்ளாக்கை அதற்குச் சம்பந்தமில்லாத வேலைக்கு வைத்திருந்தேன்.

ஃப்ளாக் என்பது ஒரு பிட், அவ்வளவுதான். பல பிட்களைச் சேர்த்து ஈவென்ட் குரூப் என்கிறார்கள். ஈஎஸ்பி32-ல் ஒரு குரூப்புக்கு 24 பிட் கிடைக்கும். யாராவது பிட்டை ஏற்றினால், அதற்காகத் தூங்கிக்கொண்டிருக்கும் டாஸ்க்குகள் எல்லாம் எழுந்துகொள்ளும். தூங்கும்வரை சிபியு நேரம் செலவாகாது.

இது நன்றாகப் பொருந்தும் இடம் என் கருவியிலேயே இருக்கு. எஸ்டி கார்டு தயாரா, வைஃபை வந்ததா, கடிகாரம் சரியானதா என மூன்று பிட். லாக் எழுதும் டாஸ்க்கும், அனுப்பும் டாஸ்க்கும் 'மூன்றும் வரட்டும்' என்று காத்திருக்கின்றன. மூன்றாவது பிட் ஏறியதும் இரண்டும் கிளம்பும். பைனரி செமாஃபோரில் ஒரு டோக்கனுக்கு ஒரு டாஸ்க்தான் எழும். ஒன்று கவனிங்க: 'எழும்போது பிட்டை அழி' என்று இங்கே கேட்கக் கூடாது. கேட்டால், தாமதமாக வந்து சேரும் டாஸ்க் அழிந்துபோன பிட்டுக்காகக் காத்துக் கிடக்கும். டைம்அவுட் வைத்திருந்தால் திரும்பி வந்த மதிப்பையும் பார்க்கணும். எழுந்ததாலேயே பிட் வந்துவிட்டது என்று அர்த்தமில்லை.

இப்போ என் தப்பு. இந்த சென்சார் லிட்டருக்குச் சுமார் 450 பல்ஸ் தரும். நிமிடத்துக்கு 10 லிட்டர் ஓடினால் வினாடிக்கு 75 பல்ஸ், அதாவது 13 மில்லிசெகண்டுக்கு ஒன்று. ஒவ்வொரு பல்ஸுக்கும் இன்டரப்ட் வந்து ஒரு பிட்டை ஏற்றும். டாஸ்க் எழுந்து ஒன்று கூட்டிக்கொள்ளும். அதே டாஸ்க்தான் கார்டிலும் எழுதியது. எஸ்டி கார்டு சில சமயம் 100 மில்லிசெகண்டுகூட இழுக்கும். அதற்குள் ஏழு பல்ஸ் வந்தாலும் ஏறியிருப்பது அதே ஒரு பிட். ஏற்கெனவே 1 ஆக இருப்பதை மறுபடி 1 ஆக்கினால் என்ன மாறும்? ஆறு பல்ஸ் போச்சு. எர்ரர் கிடையாது, க்ராஷ் கிடையாது. அதனாலதான் கண்டுபிடிக்க இரண்டு வாரம் ஆச்சு.

தேடும்போது இன்னொன்றும் தெரிந்தது. ஒரு பிட்டுக்கு எத்தனை டாஸ்க் காத்திருக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது என்பதால், ஃப்ரீஆர்டிஓஎஸ் இன்டரப்டுக்குள் பிட்டை நேரடியாக ஏற்றுவதில்லை. வேலையை டைமர் டாஸ்க்கிடம் தள்ளிவிடுகிறது. அதன் க்யூ நிறைந்திருந்தால் அந்த வேண்டுகோளே தோற்றுப்போகும். நான் அந்த ரிட்டர்ன் மதிப்பைப் பார்த்ததே இல்லை.

பல்ஸுக்கு மட்டும் டாஸ்க் நோட்டிஃபிகேஷனை எண்ணியாக வைத்தேன். இன்டரப்ட் ஒவ்வொரு தடவையும் அதில் ஒன்று கூட்டும். டாஸ்க் எழும்போது எத்தனை சேர்ந்திருக்கிறதோ அந்த எண்ணிக்கையே கைக்கு வரும். கேன் சோதனையில் இப்போ 19.6 காட்டுது. மிச்சக் குறை சென்சாருடையது, அதைத் திட்டிக்கொள்ளலாம்.