சயாட்டிகா (கால் நரம்பு வலி)

சயாட்டிகா என்பது கீழ்முதுகிலோ பிட்டத்திலோ தொடங்கி, தொடையின் பின்புறம் வழியாகக் கால் வரை பரவும் நரம்பு வலியாகும். பேச்சு வழக்கில் இதை 'நரம்பு இழுக்கிறது', 'வாயுப் பிடிப்பு' என்பார்கள். ஆயுர்வேதத்தில் இதன் பெயர் கிருத்ரசி. வலியால் காலை இழுத்து நடப்பவரின் நடையைக் கழுகின் நடைக்கு ஒப்பிட்டு வைத்த பெயர் அது. ஐரோப்பாவில் இத்தாலிய மருத்துவர் தொமெனிகோ கொதுன்யோ 1764இல் இவ்வலியைப் பற்றித் தனி நூலே எழுதினார்.

சயாட்டிகா தனி நோய் அன்று; நரம்பு எங்கோ அழுத்தப்படுகிறது என்பதைக் காட்டும் அறிகுறி. பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானே தணிகிறது. மிகச் சிலருக்கு ஒரு நாள் தாமதமும் ஆபத்தாகிறது. இந்த இரண்டு நிலைகளையும் பிரித்து அறிந்தால், சிகிச்சையைத் தேர்ந்தெடுப்பது எளிதாகும்.

நரம்பின் அமைப்பு

சயாட்டிக் நரம்பு நம் உடலிலேயே மிகத் தடிமனான நரம்பு. கீழ்முதுகின் 4, 5ஆம் நரம்பு வேர்களும் திருவெலும்புப் பகுதியின் முதல் மூன்று நரம்பு வேர்களும் சேர்ந்து இது உருவாகிறது. பிட்டத் தசைகளுக்கு அடியில் புகுந்து, தொடையின் பின்புறம் இறங்கி, முழங்காலுக்குச் சற்று மேலே இரு கிளைகளாகப் பிரிகிறது. பிரச்சினை முதுகில் இருந்தாலும் வலி காலில் தெரிவதற்கு இந்த அமைப்பே காரணம்.

காரணங்கள்

முள்ளெலும்புகளுக்கு இடையே மெத்தைபோல் உள்ள இடைத்தட்டு (டிஸ்க்) பிதுங்கி நரம்பு வேரை அழுத்துவதே முதன்மைக் காரணம். மக்கள் இதை 'ஜவ்வு விலகல்' என்கிறார்கள். இடைத்தட்டுக்கும் இவ்வலிக்கும் உள்ள தொடர்பை 1934இல் அமெரிக்க மருத்துவர்கள் மிக்ஸ்டர், பார் ஆகியோர் தெளிவாக எடுத்துக்காட்டினர். முதியவர்களுக்குத் தண்டுவடக் கால்வாய் குறுகுவதாலும், ஒரு முள்ளெலும்பு மற்றொன்றின் மேல் நழுவுவதாலும் இது வரலாம். கட்டி, தொற்று ஆகியவை அரிதான காரணங்கள்.

அறிகுறிகள்

* மின்சாரம் பாய்வது போன்ற அல்லது எரிவது போன்ற வலி, பெரும்பாலும் ஒரு காலில் மட்டும்
* இருமும்போதும், தும்மும்போதும், நெடுநேரம் உட்காரும்போதும் வலி கூடுதல்
* காலில் மதமதப்பு, ஊசி குத்தும் உணர்வு
* பெருவிரலைத் தூக்க முடியாமை (5ஆம் கீழ்முதுகு வேர்) அல்லது நுனிக்காலில் நிற்க முடியாமை (முதல் திருவெலும்பு வேர்)

உடனே மருத்துவமனை செல்ல வேண்டிய நிலைகள்

* சிறுநீர் வராமல் அடைத்தல், அல்லது சிறுநீரும் மலமும் கட்டுப்பாடின்றி வெளியேறுதல்
* பிறப்புறுப்பைச் சுற்றியும் ஆசனவாயைச் சுற்றியும் உணர்வு இல்லாமை
* இரு கால்களும் பலவீனமாதல், அல்லது ஒரு காலின் பலவீனம் நாளுக்கு நாள் கூடுதல்
* வலியுடன் காய்ச்சல், காரணமற்ற எடைக்குறைவு, முன்பு புற்றுநோய் இருந்த வரலாறு

முதல் மூன்றும் தண்டுவடத்தின் அடியிலுள்ள நரம்புக் கற்றை நசுங்குவதால் வரக்கூடும். அப்போது எண்ணெய் தேய்ப்பதிலோ, மாத்திரை போட்டுப் பார்ப்பதிலோ நேரத்தைக் கழித்தால் பாதிப்பு நிரந்தரமாகலாம்.

எப்போது ஸ்கேன் தேவை?

படுத்த நிலையில் காலை மடக்காமல் உயர்த்திப் பார்ப்பது, உணர்வையும் தசை வலிமையையும் சோதிப்பது ஆகியவற்றால் மருத்துவர் பெரும்பாலும் கண்டறிந்துவிடுவார். மேற்சொன்ன ஆபத்தான அறிகுறிகள் இருந்தாலோ, ஊசி அல்லது அறுவை சிகிச்சை பற்றி யோசிக்கும்போதோ எம்.ஆர்.ஐ. ஸ்கேன் தேவை. 1994இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், முதுகுவலியே இல்லாத 98 பேரை ஸ்கேன் செய்தபோது 52 விழுக்காட்டினருக்கு ஓர் இடைத்தட்டாவது புடைத்திருந்தது. ஆகவே அறிக்கையில் 'டிஸ்க் புடைப்பு' என்று இருப்பதை மட்டும் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. படமும் வலியும் ஒரே நரம்பைச் சுட்டுகின்றனவா என்பதே முக்கியம்.

சிகிச்சை வழிகள்

*நடமாட்டம்:* முழு ஓய்வு உதவும் என்பது பழைய எண்ணம். 1999இல் வெளியான நெதர்லாந்து ஆய்வில், இரண்டு வாரம் படுக்கையில் இருந்தவர்கள் மற்றவர்களைவிடக் கூடுதலாகக் குணமடையவில்லை. தாங்கக்கூடிய அளவு நடப்பதும் பிசியோதெரபிஸ்ட் கற்றுத்தரும் பயிற்சிகளும் நல்லது.

*மருந்து:* வலி குறைக்கும் மாத்திரைகளைக் குறைந்த அளவில், குறுகிய காலத்திற்கே பயன்படுத்த வேண்டும். வயிற்றுப் புண், சிறுநீரக நோய், இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் கடையில் வாங்கக் கூடாது. பரவலாக எழுதித்தரப்படும் பிரிகாபலின், 2017இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில் வெற்று மாத்திரையைவிடக் கூடுதல் பலன் தரவில்லை.

*ஊசி:* நரம்பு வேரருகே போடும் ஸ்டீராய்டு ஊசி சிலருக்குச் சில வாரங்கள் நிவாரணம் தரும்.

*அறுவை சிகிச்சை:* பிதுங்கிய பகுதியை மட்டும் அகற்றுவது வழக்கம். 2007இல் வெளியான நெதர்லாந்து ஆய்வில், 6 முதல் 12 வாரங்களாகக் கடும் வலி இருந்த 283 பேர் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். விரைவில் அறுவை செய்யத் திட்டமிட்ட குழுவுக்கு வலி சீக்கிரம் குறைந்தது. காத்திருந்த குழுவில் 39 விழுக்காட்டினர் பின்னர் அறுவை செய்துகொண்டனர். ஓராண்டு முடிவில் இரு குழுவிலும் 95 விழுக்காட்டினர் குணமடைந்திருந்தனர். அதாவது, அவசர அறிகுறி இல்லாதவருக்கு அறுவை சிகிச்சை முக்கியமாக விரைவைத் தருகிறது. வேலை, தூக்கம், வலியைத் தாங்கும் அளவு ஆகியவற்றைப் பார்த்து நோயாளியே மருத்துவருடன் பேசி முடிவு செய்யலாம்.

அன்றாடக் கவனம்

* அரை மணிக்கு ஒருமுறை எழுந்து சில அடிகள் நடக்கவும்.
* தண்ணீர்க் குடம், எரிவாயு சிலிண்டர் போன்றவற்றை இடுப்பை வளைத்துத் தூக்க வேண்டாம்.
* தரையில் உட்காருவதும் நெடுந்தூர இரு சக்கர வாகனப் பயணமும் வலியைக் கூட்டினால் சில வாரங்கள் தவிர்க்கவும்.
* ஒருக்களித்துப் படுத்து, முழங்கால்களுக்கு இடையே தலையணை வைக்கலாம்.
* வெந்நீர் ஒத்தடம் இதமளிக்கும். மதமதப்பு உள்ளவர்களும் நீரிழிவு நோயாளிகளும் சூட்டைக் கையால் சோதித்த பிறகே வைக்கவும். உணராமலேயே தோல் வெந்துவிடலாம்.
* மதமதப்போ பலவீனமோ இருக்கும்போது முதுகை முறுக்கிச் 'சொடுக்கு எடுக்க' இடம் தர வேண்டாம்.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

எந்த நரம்பு வேர் அழுத்தப்படுகிறது? கால் வலிமை குறைந்திருக்கிறதா? இன்னும் ஆறு வாரம் காத்திருந்தால் எனக்கு என்ன இழப்பு? இந்த மூன்று கேள்விகளுக்கும் தெளிவான விடை கிடைத்தால், வீண் அச்சமும் வீண் தாமதமும் குறையும்.