மங்கொளிச் சொற்கள்: ஆங்கிலமும் தமிழும்

முன்னுரை

ஆங்கிலப் பனுவல்களைத் தமிழாக்கும் பயிற்சிகளில் 'டிம்', 'டஸ்க்', 'குளூம்', 'மர்க்' ஆகிய நான்கிற்கும் 'மங்கலான வெளிச்சம்' எனும் ஒரே தொடர் இடப்பெறுவதை நாம் அடிக்கடி காண்கிறோம். இதனால் மூலத்தின் நுட்பம் கெடுகிறது. தமிழின் சொல்வளமும் வழக்கொழிய நேர்கிறது. இச்சொற்களின் பொருள் வேறுபாட்டைப் போர்ட் கிள்ளான் சூழலில் வைத்து விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பொருட்பாகுபாடு

ஒளி குறைவதற்குரிய காரணத்தை நோக்கின் இச்சொற்கள் தெளிவாகப் பிரிகின்றன. விளக்கு முதலியவற்றின் ஒளி வலுவற்றிருத்தல் 'டிம்'. விட்டுவிட்டு மெலிதாகத் தோன்றுதல் 'கிளிம்மர்'. இதற்கு 'மினுக்கம்' பொருந்தும். பொழுதினால் ஒளி குன்றுதல் 'டஸ்க்'. இருளோடு மனச்சோர்வும் கலந்தது 'குளூம்'. இடையிலுள்ள காற்றோ நீரோ கலங்கியிருத்தல் 'மர்க்'. கிரகணத்தில் ஒளி ஓரளவே மறைக்கப்படும் பகுதி 'பினம்ப்ரா', அதாவது புறநிழல்.

2005 ஆகஸ்டில் புகைமூட்டத்தால் காற்று மாசுக் குறியீடு 500ஐக் கடந்தபோது போர்ட் கிள்ளானில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. அத்தகைய நாளின் நண்பகல் மங்கலை 'மர்க்' என்றே ஆங்கிலம் கூறும். 'டஸ்க்' எனக் கூறாது. தமிழிலும் அது 'மூட்டம்' ஆகுமேயன்றி 'அந்தி' ஆகாது.

அந்தியின் அளவு

'டுவைலைட்' எனும் அந்தியொளியை வானியலார் மூன்றாகப் பகுப்பர். ஞாயிறு தொடுவானுக்குக் கீழே 6 பாகை இறங்கும் வரை குடிசார் அந்தி. 12 பாகை வரை கடல்சார் அந்தி. 18 பாகை வரை வானியல் அந்தி. கடல்சார் அந்தியில் தொடுவானமும் விண்மீன்களும் ஒருங்கே தென்படுவதால், மாலுமிகள் விண்மீன்களின் உயரத்தை அளந்து கப்பலின் இருப்பிடத்தைக் கணித்தனர்.

ஏறத்தாழ வடக்கு 3 பாகையில் அமைந்த போர்ட் கிள்ளானில் ஞாயிறு செங்குத்தாக இறங்குவது போல மறைகிறது. குடிசார் அந்தி 20 நிமிடத்திற்குச் சற்றே கூடுதலாக நீடிக்கும். இலண்டனிலோ ஜூன் திங்களில் அது முக்கால் மணி நேரத்தைக் கடக்கும். ஆயினும் நெடிய அந்தியே சொற்பெருக்கத்திற்குக் காரணம் எனத் துணிதல் பொருந்தாது. அந்தி குறுகிய நிலத்தில் வளர்ந்த தமிழிலும் இத்தகைய சொற்கள் மிகுதி.

தமிழ் மரபு

தொல்காப்பியம் முல்லைக்கு மாலையையும் மருதத்திற்கு வைகறை, விடியலையும் நெய்தலுக்கு எற்பாட்டையும் சிறுபொழுதாக வகுக்கிறது. 'எல்' ஒளியையும் ஞாயிற்றையும் குறிக்கும். ஆகவே எற்பாடு ஞாயிறு மறையும் பொழுது என்பர். 'படுதல்' தோன்றுதலையும் குறிக்குமாதலின் அதனை விடியலாகக் கொள்வாரும் உளர். வழக்கில் மசங்கல் மாலை மங்கலையும், கருக்கல் விடியலுக்கு முன்னும் அந்திக்குப் பின்னும் உள்ள மங்கலையும் சுட்டும். யாழ்ப்பாணத்தார் மாலை மங்கலை மைம்மல் என்பர். மலாய்மொழியின் 'செஞ்ஜா' வடமொழிச் 'சந்தியா'வின் வழிவந்ததாகும்.

முடிவுரை

எனவே, மொழிபெயர்ப்போர் சொல்லைத் தேடுமுன் காரணத்தை வினவுதல் வேண்டும். ஒளி குன்றியது விளக்காலா, பொழுதாலா, மூட்டத்தாலா, நிழலாலா என மாணவரைக் கேட்கப் பழக்கினால், மசங்கலும் கருக்கலும் அகராதியிலிருந்து மீண்டும் எழுத்து வழக்கிற்கு வரும் என்பது நம் துணிபு.