செவ்வாயில் நம் ஊர்ப் பெயர்

கொல்லிமலை நாடுகளுள் ஒன்றான குண்டூர் நாட்டின் பெயரைச் செவ்வாய்க் கிரகத்துக் குழி ஒன்றுக்குச் சூட்டலாமா என்று யாரேனும் கேட்டால், நேயர்கள் நகைக்க வேண்டியதில்லை. சர்வதேச வானவியல் சங்கத்தார் வகுத்துள்ள விதி அதற்கு இடங்கொடுக்கிறது. செவ்வாயிலுள்ள சிறு குழிகளுக்கு, சுமார் ஒரு லட்சத்துக்கு மேற்படாத ஜனத்தொகையுள்ள ஊர்களின் பெயரை இடவேண்டும் என்பது அவ்விதி. கொல்லிமலை முழுவதையும் எண்ணினாலும் ஒரு லட்சம் தேறாது. பெருங் குழிகள் காலஞ்சென்ற அறிஞர்களுக்கென்று ஒதுக்கப்பட்டவை. உயிரோடிருப்பவர் எத்தனை பெரிய பதவியிலிருந்தாலும் அங்கே இடமில்லை. நம் நாட்டு வீதிகளுக்கும் பாலங்களுக்கும் இவ்விதி எப்போது வருமோ!

இது வெறும் மனோராஜ்யம் அன்று. 2024-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் இவ்விதியின்படியே மூன்று குழிகள் பாரத தேசத்துப் பெயர்களைப் பெற்றன. ஆமதாபாத்திலுள்ள பௌதிக ஆராய்ச்சிக் கூடத்தின் விஞ்ஞானிகள் கண்டறிந்தவை அவை. 65 கிலோமீட்டர் அகலமுள்ள பெரிய குழிக்கு, 1972 முதல் 1983 வரை அக்கூடத்தின் தலைவராயிருந்த தேவேந்திர லாலின் பெயர் இடப்பட்டது. அதன் விளிம்பின்மேல் விழுந்த, பத்துக் கிலோமீட்டர் அளவுள்ள குழிகள் இரண்டுக்கும் முர்சான், ஹில்சா என்று பெயர். முன்னது உத்தரப் பிரதேசத்து ஊர். பின்னது பீகாரத்து ஊர். 2025-இல் கேரளத்து விண்வெளிக் கல்விக் கழகத்தாரின் வேண்டுகோளின்படி தும்பா, வர்க்கலை, பேக்கல் முதலிய ஊர்ப் பெயர்களும் ஏறின. அவற்றோடு தமிழர் ஒருவரின் பெயரும் ஒரு பெருங் குழிக்கு வழங்கப்பட்டது. அவர் தஞ்சைச் சீமையின் மகாராஜபுரத்தைச் சேர்ந்த எம். எஸ். கிருஷ்ணன். இந்தியப் பூதத்துவ இலாகாவில் நூறு ஆண்டுகளாக வெள்ளையர் வீற்றிருந்த தலைமை ஆசனத்தில், 1951-இல் அமர்ந்த முதல் இந்தியர் அவர்.

விண்ணிலிருந்து விரைந்து வரும் கல், நொடிக்குப் பல கிலோமீட்டர் வேகத்தில் தரையில் மோதி, கண்ணிமைப்பொழுதில் தன்னையும் தரையையும் பொடியாக்கி எறிகிறது. அப்போது கல்லின் அகலத்தைப்போல் பத்து, இருபது மடங்கு அகலமான குழி உண்டாகிறது. பூமியின்மேலும் இவ்வாறு கற்கள் விழுந்ததுண்டு, தழும்புதான் நிற்பதில்லை. கொல்லிமலையின் பாறைகளுக்கு வயது சுமார் 250 கோடி ஆண்டு. அத்தனை காலமும் மழை அவற்றைக் கரைத்து வந்திருக்கிறது. ஆகாய கங்கையில் விழுந்து ஓடும் ஐயாறு இன்றும் அவ்வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கிறது. இங்கே எப்போதோ ஒரு குழி ஏற்பட்டிருந்தாலும் அதன் சுவடு மிஞ்சியிராது. செவ்வாயிலோ காற்று நம் காற்றில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைந்த அழுத்தமுள்ளது, மழையென்பதே இல்லை. ஆகவே நூறு கோடி ஆண்டுகளுக்கு முன் விழுந்த அடியும் அழியாமல் நிற்கிறது. எங்கே குழிகள் மிகுந்திருக்கின்றனவோ, அந்த நிலம் பழையது. எங்கே குறைந்திருக்கின்றனவோ, அதன்மேல் எரிமலைக் குழம்போ மணலோ பிற்பாடு படர்ந்தது என்று அறியலாம். குழிகளை எண்ணி நிலத்தின் வயதைக் கணிக்கும் சாஸ்திரம் இதுவே. லால் குழியின் தரையை எரிமலைக் குழம்பு மூடியிருக்கிறது. அதன் அடியில் 45 மீட்டர் கனமுள்ள வண்டல் படுகை ஒன்று இருப்பதாகக் கண்டிருக்கிறார்கள். அங்கே ஒரு காலத்தில் நீர் ஓடி மண்ணைக் கொணர்ந்து சேர்த்தது என்பதற்கு அது சாட்சி.

அவ்வண்டலை எந்தக் கண்ணால் கண்டார்கள்? 2006 முதல் செவ்வாயைச் சுற்றிவரும் அமெரிக்க விண்கலத்தில், இத்தாலி தேசத்தார் செய்தளித்த ரேடார் கருவியின் கண்ணால். அறிவு நம்முடையது, உழைப்பு நம்முடையது, பெயரும் நம்முடையது. கண் மட்டும் இரவல். பெயர் கிடைத்த மகிழ்ச்சியில் இதை நாம் மறக்கலாகாது.

நமக்கும் ஒரு கண் இருந்தது. 2013 நவம்பர் 5-ஆந் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எழுந்த மங்கள்யான், 2014 செப்டம்பர் 24-ஆந் தேதி முதல் முயற்சியிலேயே செவ்வாயின் சுற்றுப்பாதையில் நுழைந்தது. திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த சுப்பையா அருணன் அதன் திட்ட இயக்குநர். செலவு 450 கோடி ரூபாய். மறுநாள் வெளியான முதற் படம் 7,300 கிலோமீட்டர் உயரத்திலிருந்து எடுத்தது; அம்மைத் தழும்பு போலக் குழிகள் நிறைந்த செந்நிலத்தை நம் காமிராவே நமக்குக் காட்டியது. ஆறு மாதத்துக்கென்று அனுப்பிய கலம் ஏழாண்டுகளுக்கு மேல் உழைத்து, 2022 ஏப்ரலில் பேச்சிழந்தது.

அதன் குறையையும் சொல்லத்தான் வேண்டும். நம்மிடம் அப்போதிருந்த ராக்கெட்டின் சக்திக்கு ஏற்ப ஆராய்ச்சிக் கருவிகளுக்குக் கிடைத்த எடை சுமார் 15 கிலோகிராம். பாதையோ கிட்டத்தில் 420 கிலோமீட்டரும் எட்டத்தில் 77,000 கிலோமீட்டருமாக நீண்ட முட்டை வடிவம். கிரகம் முழுவதையும் ஒரே படத்தில் பிடிக்க அது வெகு பொருத்தம். ஆனால் மிகக் கிட்டத்தில் வந்தபோதும் படத்தின் ஒரு புள்ளி தரையில் 20 மீட்டர் அளவைக் குறித்தது. அமெரிக்கக் கலத்தின் காமிராவிலோ அப்புள்ளி சுமார் 30 சென்டிமீட்டர். யானையைப் பார்க்கும் கண்ணுக்கும் எறும்பைப் பார்க்கும் கண்ணுக்கும் உள்ள பேதம் இது.

நாமக்கல் ஜில்லாவுக்கு இவ்விஷயத்தில் அக்கறையுண்டு. சந்திரயான் இறங்குகலங்களைப் பரீட்சிக்கச் சந்திரனின் மண்ணைப் போன்ற மண் தேவைப்பட்டபோது, சித்தம்பூண்டி, குன்னமலை ஆகிய ஊர்களின் அனார்த்தோசைட் பாறையே பொடித்து அனுப்பப்பட்டது. சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் பூதத்துவ நிபுணர்கள் அதை ஆராய்ந்து அளித்தார்கள். 2023 ஆகஸ்டு 23-ஆந் தேதி சந்திரனில் கால் ஊன்றிய கலம், அதற்கு முன் இந்த ஜில்லாவின் மண்ணில் பழகியதுதான். அயல்நாட்டில் வாங்கியிருந்தால் பெருந் தொகை சென்றிருக்கும்.

இரண்டாவது செவ்வாய்ப் பயணத்தைப் பற்றிய பேச்சு பல ஆண்டுகளாக அடிபட்டு வருகிறது. அதில் ஏறும் கருவிகளின் எடை எவ்வளவு, காமிரா எத்தனை சிறிய பொருளைக் காட்டும், நிலத்தின் அடியைத் துழாவும் ரேடார் உண்டா என்று நம் பிரதிநிதிகள் பார்லிமெண்டில் கேட்கட்டும். குண்டூர் நாட்டுக்கான விண்ணப்பத்தை அதன் பின் எழுதிக்கொள்வோம்.