கச்சா எண்ணெயைப் பிரித்தெடுத்தல்

கச்சா எண்ணெயைப் பிரித்தெடுத்தல் என்பது, நிலத்தடியிலிருந்து கிடைக்கும் கச்சா எண்ணெயிலுள்ள ஹைட்ரோகார்பன்களை அவற்றின் கொதிநிலை வேறுபாட்டைக் கொண்டு எரிவாயு, நாப்தா, மண்ணெண்ணெய், டீசல் முதலியனவாகப் பிரிக்கும் முறையாகும். இது பின்னக் காய்ச்சி வடித்தல் எனப்படுகிறது. சென்னை மணலியில் 1969 முதல் இயங்கிவரும் ஆலை போன்ற எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளில் இதுவே அடிப்படைப் பணி.

கிணற்றிலிருந்து எண்ணெயோடு உப்புநீரும் வருகிறது. சூடேறும்போது அவ்வுப்புகளிலிருந்து ஐதரோகுளோரிக் அமிலம் உண்டாகிக் குழாய்களை அரிக்கும் என்பதால், எண்ணெய் முதலில் நீரால் கழுவப்பட்டு உப்பு நீக்கப்படுகிறது.

வடிகோபுரம்

பின்னர் எண்ணெய் உலையில் ஏறத்தாழ 350–370 °செ வரை சூடாக்கப்பட்டு, உயரமான கோபுரத்தின் அடிப்பகுதியில் செலுத்தப்படுகிறது. கோபுரம் கீழே சூடாகவும் மேலே செல்லச் செல்லக் குளிர்ந்தும் இருக்கும். உள்ளே துளைகளுள்ள தட்டுகள் அடுக்கடுக்காக அமைந்துள்ளன. மேலெழும் ஆவி ஒவ்வொரு தட்டிலும் தேங்கியுள்ள திரவத்தின் ஊடே குமிழியிட்டுச் செல்கிறது. அப்போது ஆவியிலுள்ள கனமான மூலக்கூறுகள் திரவமாகின்றன. திரவத்திலுள்ள இலேசானவை மீண்டும் ஆவியாகின்றன. இவ்வாறு தட்டுக்குத் தட்டு பிரிவு கூர்மையாகிறது. எரிவாயுவும் நாப்தாவும் உச்சியிலிருந்தும், மண்ணெண்ணெயும் டீசலும் பக்கவாட்டிலிருந்தும் எடுக்கப்படுகின்றன.

பாடநூற் படங்களில் தளத்துக்கு ஒரு பொருள் எனக் காட்டப்படுவது எளிமைக்காகவே. உண்மையில் அடுத்தடுத்த பகுதிகளின் கொதிநிலைகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். மண்ணெண்ணெய் முடிந்து டீசல் தொடங்கும் எல்லையைத் தேவைக்கேற்ப ஆலையினரே நகர்த்திக்கொள்கின்றனர்.

அடியில் தங்கும் கசடை மேலும் சூடாக்கினால் மூலக்கூறுகள் சிதைந்து கரி படியும். எனவே அது அழுத்தம் மிகக் குறைந்த வெற்றிடக் கோபுரத்துக்கு அனுப்பப்படுகிறது. மலைமேல் நீர் குறைந்த வெப்பத்திலேயே கொதிப்பதுபோல, அங்கு கன எண்ணெயும் சிதையாமல் ஆவியாகிறது. மசகு எண்ணெய்க்கான மூலப்பொருள் இங்கு கிடைக்கிறது. எஞ்சுவது சாலைக்குப் பயன்படும் தார்.

மூலக்கூறு உடைப்பு

வடித்தல் எதையும் புதிதாக உண்டாக்குவதில்லை. இருப்பதைத் தரம் பிரிக்க மட்டுமே செய்கிறது. 19ஆம் நூற்றாண்டில் விளக்கெரிக்க மண்ணெண்ணெய் தேவைப்பட்டது. பெட்ரோல் பெரும்பாலும் வேண்டாத பொருளாகவே கருதப்பட்டது. மோட்டார் வண்டிகள் பெருகியதும் நிலைமை தலைகீழானது. வடித்தலில் கிடைத்த பெட்ரோல் போதவில்லை. அமெரிக்காவில் வில்லியம் பர்ட்டன் 1913இல் காப்புரிமை பெற்ற முறை, கன எண்ணெயை அழுத்தத்தில் சூடாக்கிப் பெட்ரோலாக உடைத்தது. 1930களில் யூஜின் ஊட்ரி இதற்கு வினையூக்கியைப் பயன்படுத்தினார். வெற்றிடக் கோபுரத்தின் கன எண்ணெய் இன்றும் வினையூக்கியின் துணையுடன் உடைக்கப்படுகிறது. நாப்தாவின் ஆக்டேன் எண் குறைவாதலால், அது பிளாட்டினம் வினையூக்கியின்மேல் மறுசீரமைக்கப்பட்ட பின்னரே பெட்ரோலில் சேர்கிறது.

கந்தகமும் நீக்கப்படவேண்டும். இந்தியாவில் ஏப்ரல் 2020 முதல் நடைமுறையிலுள்ள பிஎஸ்-6 விதிப்படி, ஒரு கிலோ பெட்ரோலிலோ டீசலிலோ 10 மில்லிகிராமுக்கு மேல் கந்தகம் இருக்கக்கூடாது. ஹைட்ரஜனைச் செலுத்திப் பிரிக்கப்படும் இக்கந்தகம், கந்தக அமிலம் தயாரிக்க விற்கப்படுகிறது.