பள்ளி விட்ட பிறகு

அம்மாவும் நானும் ஒரே வேலை பார்த்தவர்கள். இருவருமே இடைநிலை ஆசிரியர்கள். இருவருக்கும் வாய்த்தவை திருத்துறைப்பூண்டி பக்கத்து ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகள். அம்மா 1974இல் சேர்ந்து 2009இல் ஓய்வு பெற்றார். நான் 2007இல் சேர்ந்தேன். “உங்களுக்கென்ன, வாத்தியார் வேலை! வருஷத்துல பாதி நாள் லீவு” என்ற பேச்சை அம்மாவும் கேட்டிருக்கிறார், நானும் கேட்கிறேன். பேச்சு அப்படியேதான் இருக்கிறது. ஆனால் ஆசிரியரின் ஒரு நாள், காலையிலிருந்து இரவு வரைக்கும், வேறு நாளாகிவிட்டது. அந்த மாற்றத்தில் கும்பிட வேண்டியதும் உண்டு, மீட்க வேண்டியதும் உண்டு.

காலை

அம்மாவின் காலை, பிள்ளைகளைத் தேடிப் போவதில் தொடங்கும். பஸ்ஸை விட்டு இறங்கியதும் தெருவழியாகத்தான் பள்ளிக்குப் போவார். நடவு, அறுப்புக் காலங்களில் தாய் வயலுக்குப் போய்விட, மூன்றாம் வகுப்புப் பெண் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்கும். “தம்பியையும் தூக்கிக்கிட்டு வா” என்று அம்மா கூட்டிப் போவார். அக்கா பாடம் படிக்க, தம்பி வகுப்பின் ஓரத்தில் சாக்குமேல் தூங்கும்.

வந்த பிள்ளைகளும் வெறும் வயிற்றோடுதான் வந்தன. காலை வழிபாட்டில் மயங்கி விழும் பிள்ளைக்காக அம்மாவின் பையில் எப்போதும் பொரியோ பிஸ்கட்டோ இருக்கும். காமராஜர் 1956இல் தொடங்கிய மதிய உணவும், எம்.ஜி.ஆர். 1982 ஜூலை 1ஆம் தேதி தொடங்கிய சத்துணவும் மதியப் பசியைத் தீர்த்தன. காலைப் பசி அப்படியே நின்றது.

அந்தப் பசிக்கு என் காலத்தில்தான் விடிவு வந்தது. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கியது; 2023 ஆகஸ்ட் 25 அன்று எங்கள் பக்கத்துத் திருக்குவளையிலிருந்து மாநிலம் முழுவதும் உள்ள அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது. இன்று மணி அடிப்பதற்கு முன்பே பிள்ளைகள் தட்டோடு உட்கார்ந்திருக்கிறார்கள். உப்புமாவோ கிச்சடியோ பொங்கலோ, சாம்பாரோடு சூடாக உள்ளே போகிறது. முதல் பாடவேளையில் சுருண்டு படுக்கும் பிள்ளை இப்போது என் வகுப்பில் இல்லை. ஓய்வு பெற்ற அம்மா ஒருநாள் காலையில் பள்ளிக்கு வந்து இதைப் பார்த்தார். “இது நான் இருக்கும்போதே வந்திருக்கணும்” என்றார். அந்த ஆதங்கத்தை நான் மறக்கவே மாட்டேன்.

காலையில் புதிதாகச் சேர்ந்தது கைபேசி. அம்மா வருகைப் பதிவேட்டில் சிவப்பு மையிலும் நீல மையிலும் குறித்துவிட்டுப் பாடத்துக்குத் திரும்பிவிடுவார். நான் செயலியில் வருகையைப் பதிய வேண்டும். எங்கள் ஊரில் சிக்னல் கிடைக்கும் இடம் பள்ளி வாசலிலுள்ள வேப்பமரத்தடி. செயலி திறக்கும்வரை அங்கே நிற்பேன். உள்ளே பிள்ளைகள் காத்திருப்பார்கள்.

வகுப்பறை

அம்மா சேர்ந்தபோது பள்ளியின் பாதி கீற்றுக் கொட்டகை. கோவை இலையையும் அடுப்புக்கரியையும் சேர்த்து அரைத்துப் பிள்ளைகளே கரும்பலகைக்குப் பூசுவார்கள். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளித் தீ 94 குழந்தைகளைக் கொண்டுபோன பிறகுதான் கீற்றுக் கூரைகள் தமிழ்நாட்டுப் பள்ளிகளிலிருந்து மறைந்தன. அம்மாவுக்கு அதன் பிறகு பல நாள் தூக்கம் இல்லை. ‘பிள்ளைகள் பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்தார்களா’ என்ற கவலை எந்த ஆசிரியருக்கும் பணிப்பதிவேட்டில் எழுதப்படாத வேலை. அன்றும் அதுதான், இன்றும் அதுதான்.

மேசைமேல் பிரம்பு இருந்த காலம் அது. “கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க டீச்சர்” என்று பெற்றோரே சொல்லிவிட்டுப் போவார்கள். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பிள்ளையை அடிப்பதையும் மனம் நோகப் பேசுவதையும் தடை செய்தது. பிரம்பு போனதால் ஒழுங்கு கெட்டது என்று பேசுகிறவர்கள் இன்றும் உண்டு. நான் அதை ஏற்கவில்லை. அடிக்குப் பயந்து பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகளின் கணக்கு எந்தப் பதிவேட்டிலும் இல்லை. பிரம்பு இல்லாத வகுப்பில் ஆசிரியர் கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கிறது, உண்மை. அது செய்யத் தகுந்த உழைப்பு.

நான் சேர்ந்த 2007இல்தான் செயல்வழிக் கற்றல் மாநிலம் முழுவதும் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தது. ஆசிரியர் நாற்காலியை விட்டுப் பாயில் பிள்ளைகளோடு உட்கார்ந்தார். பிள்ளைகளின் கைக்கெட்டும் உயரத்தில் சுவரைச் சுற்றிக் கரும்பலகைகள் வந்தன. கொரோனா காலத்தில் எழுத்தையே மறந்துபோன பிள்ளைகளுக்காக 2022இல் ‘எண்ணும் எழுத்தும்’ வந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் நிலையைப் பார்த்துப் பாடம் சொல்கிறோம். பாட்டு, பொம்மலாட்டம், கதை எல்லாம் உண்டு. அம்மா தன் சொந்த ஆர்வத்தில் செய்ததை இன்று திட்டமே கேட்கிறது.

ஆனால் எங்களுடையது போன்ற ஈராசிரியர் பள்ளியின் கணக்கு மட்டும் மாறவில்லை. ஐந்து வகுப்பு, இரண்டு பேர். பெரிய டீச்சர், அதாவது தலைமையாசிரியர், கூட்டத்துக்குப் போனால் ஐந்தும் எனக்கு. ஒன்றாம் வகுப்புக்கு ‘அ’ எழுதக் கைபிடித்துக்கொண்டே ஐந்தாம் வகுப்புக்குப் பின்னம் சொல்ல வேண்டும். பணிச்சுமை என்று நாங்கள் சொல்வது இதைத்தான். எத்தனை மணி நேரம் வேலை என்பதைவிட, ஒரே நேரத்தில் எத்தனை பிள்ளைகளின் கண் நம்மைத் தேடுகிறது என்பதில்தான் களைப்பு இருக்கிறது.

மாலை

அம்மாவின் பள்ளி நாலே கால் மணிக்கு முடிந்தால் முடிந்தது. வீட்டுக்கு வந்து மறுநாளைக்குப் பாடக்குறிப்பு எழுதுவார். வருஷத்தில் ஒருநாள் “ஆய்வுக்கு ஏ.இ.ஓ. வர்றார்” என்ற செய்தி வந்தால் ஒரு வாரம் வீடே பதறும். ஆய்வு முடிந்தால் பதற்றமும் முடியும். மாதக் கடைசியில் ஒன்றியத்து ஆசிரியர்கள் சம்பளம் வாங்க அலுவலகத்தில் கூடுவார்கள். யாருக்குப் பெண் குழந்தை பிறந்தது, யார் வீட்டில் உடம்பு சரியில்லை, எந்தப் பாடத்தை எப்படி நடத்துவது என்று எல்லாம் அங்கே பேசப்படும். ஒருவர் கவலையை நாலு பேர் பங்கு போட்டுக்கொண்ட இடம் அது.

இன்று சம்பளம் நேராக வங்கிக்கு வருகிறது. விடுப்பு விண்ணப்பம் ‘களஞ்சியம்’ செயலியில் போகிறது. அலைச்சல் மிச்சம். ஆனால் கூடிப் பேசிய நாளும் போய்விட்டது. அந்த இடத்தில் வாட்ஸ்அப் குழு வந்திருக்கிறது. இரவு ஒன்பது மணிக்கு “மிக அவசரம், நாளை காலை 10 மணிக்குள்” என்று ஒரு படிவம் வரும். போன வாரம் அனுப்பிய அதே விவரம் வேறு கட்டத்தில் கேட்கப்படும். பதிவேற்றும் வேலையைக் குறைப்பதாக அறிவிப்புகள் வந்தன, கொஞ்சம் குறைந்தும் இருக்கிறது. எழுத்தர் யாருமில்லாத சின்னத் தொடக்கப் பள்ளியில் மிச்சமிருப்பது ஆசிரியர் தலையில்தான் விழுகிறது. அம்மாவுக்கு வருஷத்தில் ஒருமுறை வந்த ஆய்வுப் பதற்றம், எனக்குத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக வருகிறது.

விடுப்பும் விடுமுறையும்

நல்லது முதலில். அம்மாவுக்குப் பிரசவ விடுப்பு மூன்று மாதம். பால் கட்டிய மார்போடு பள்ளிக்குப் போனதை இப்போதும் சொல்வார். அந்த விடுப்பு 2011இல் ஆறு மாதமானது, 2016இல் ஒன்பது, 2021 ஜூலையிலிருந்து ஒரு வருஷம். என் இளைய தோழி தன் பிள்ளை எழுந்து நிற்பதைப் பார்த்துவிட்டுப் பணிக்குத் திரும்பினாள். பல ஆண்டு கோரிக்கைக்குக் கிடைத்த பலன் இது.

தற்செயல் விடுப்பு அன்றும் இன்றும் வருஷத்துக்கு 12 நாள்தான். ஈராசிரியர் பள்ளியில் அதை எடுக்க மனம் வராது. நான் படுத்தால் ஐந்து வகுப்பும் பெரிய டீச்சர் தோளில் ஏறும் என்று தெரிந்தே காய்ச்சலோடு போன நாட்கள் உண்டு. அவரும் அப்படி வந்ததுண்டு.

கார்த்திகையில் கலெக்டர் அறிவிக்கும் மழை விடுமுறையைப் பார்த்து ஊரே பொறாமைப்படும். அந்த நாளுக்கு ஈடாகப் பிறகொரு சனிக்கிழமை பள்ளி உண்டு. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரை கடந்தபோது எங்கள் பகுதிப் பள்ளிகள் பல நிவாரண முகாம்களாயின. கூரை பறந்த பிள்ளைகள் தங்கள் வகுப்பறையிலேயே படுத்திருந்தார்கள். நாங்கள் அப்போது பாடம் நடத்தவில்லை. யார் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டிருந்தோம்.

தேர்தல் வேலை அம்மாவுக்கும் உண்டு. வாக்குப் பெட்டியும் அரக்கும் மெழுகுவத்தியுமாக வாக்குச்சாவடியிலேயே இரவு தங்குவார். 2001 சட்டமன்றத் தேர்தலில் தமிழகம் முழுவதும் வாக்குப்பதிவு இயந்திரம் வந்தது. இரவு தங்குவது போகவில்லை. பயிற்சி வகுப்புகள் கூடின. 2025 நவம்பரில் வாக்காளர் பட்டியல் சிறப்புத் திருத்தத்துக்காக ஆசிரியர்கள் பலர் வீடு வீடாகப் படிவம் கொடுத்து வாங்கினார்கள். அதே ஆண்டு செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம், பணியிலிருக்கும் ஆசிரியர்களில் ஓய்வுக்கு ஐந்து ஆண்டுக்கு மேல் உள்ளவர்கள் இரண்டு ஆண்டுக்குள் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேறியாக வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அதனால் அந்த அரையாண்டு விடுமுறையில் என் மகளும் நானும் எதிரெதிரே உட்கார்ந்து படித்தோம்.

அம்மாவின் கோடை விடுமுறை முழுசாக இருந்தது. ஏப்ரல் கடைசியில் பள்ளியைப் பூட்டினால் ஜூனில்தான் திறப்பார். நடுவில் வடாம் பிழிவார், தாத்தா வீட்டில் தங்குவார், பகலில் தூங்குவார். ஜூன் முதல் நாள் பிள்ளைகளைப் பார்க்கும் ஆசையோடு புறப்பட்டுப் போவார். விடுமுறை செய்த வேலை அது. என் கோடையில் மாணவர் சேர்க்கைக்கு வீடு வீடாகப் போவது, பயிற்சி, படிவம் என்று துண்டு துண்டாக நாள் போகிறது. ஓய்வுக்கும் தொடர்ச்சி வேண்டும். வறண்ட வயலுக்கு அவ்வப்போது தெளிக்கும் நீர் வேரை எட்டாது.

நன்றி

அம்மாவுக்கு நன்றி கைநிறைய வந்தது. முருங்கைக்காய், வெள்ளரிப் பிஞ்சு, அறுப்பு முடிந்ததும் ஒரு மரக்கால் புதுநெல். விஜயதசமிக்கு மடியில் பிள்ளையை வைத்து நெல்லில் எழுதச் சொல்லி வருவார்கள். எனக்கு செப்டம்பர் 5 அன்று வாழ்த்துப் படங்கள் கைபேசியில் குவிகின்றன. அதைக் குறைவாகச் சொல்லமாட்டேன். அம்மாவிடம் படித்த ஒருவர் வளைகுடாவிலிருந்து அழைத்து, பள்ளிக்குத் தண்ணீர் சுத்திகரிக்கும் கருவி வாங்கித் தந்தார். தம்பியை இடுப்பில் தூக்கி வந்த பெண் இன்று செவிலியர். அவளுடைய பிள்ளைகளைத் தேடி யாரும் தெருவுக்குப் போக வேண்டியதில்லை.

நாங்கள் நன்றி சொல்ல வேண்டியவர்களும் இருக்கிறார்கள். விடிவதற்கு முன் அடுப்பு மூட்டும் மகளிர் குழுப் பெண்கள், சத்துணவு ஆயா, மகளைப் பூப்பெய்திய பிறகும் படிக்க அனுப்பும் கூலித் தாய்மார். எல்லாரையும்விட, ‘க’வும் ‘கா’வும் பிரித்துப் படித்துவிட்டு நிமிர்ந்து பார்க்கும் பிள்ளை. அந்த முகம்தான் அம்மாவை 35 ஆண்டுகள் இந்த வேலையில் வைத்திருந்தது. என்னையும் அதுதான் வைத்திருக்கிறது.

ஆனால் பிள்ளை தரும் அந்த மகிழ்ச்சியைக் காட்டி ஆசிரியரின் களைப்பைத் தள்ளுபடி செய்யக் கூடாது. ஆசிரியருக்கு நன்றி சொல்ல நினைக்கும் சமூகமும் அரசும் மாலைகளோடு மூன்று காரியம் செய்யட்டும். ஈராசிரியர் பள்ளிக்கு மூன்றாவது ஆசிரியரைத் தரட்டும். அப்போதுதான் குற்ற உணர்வில்லாமல் ஒருநாள் விடுப்பு எடுக்க முடியும். பள்ளி விட்ட பிறகு படிவம் கேட்காமல் இருக்கட்டும். கோடையில் ஒரு மாதத்தையாவது யாரும் தொடாமல் விடட்டும். காலைப் பசியைத் தீர்க்க முடியாது என்றுதான் ஒரு காலத்தில் எல்லோரும் நம்பினோம். அதைத் தீர்த்த மாநிலத்துக்கு இவை பெரிய காரியங்கள் இல்லை. ஓய்வெடுத்துத் திரும்பும் ஆசிரியரின் பலன் பிள்ளைகளுக்குத்தான் போய்ச் சேரும்.