ஹாலோவீன் வேண்டாம் என்றால், வேறு என்ன?

அக்டோபர் பிறந்துவிட்டால் கடைத்தொகுதிகளில் பிளாஸ்டிக் எலும்புக்கூடுகள் தொங்க ஆரம்பித்துவிடும். கூட்டுரிமை வீடுகளில் பிள்ளைகள் பேய் வேடமிட்டு, வாசல் வாசலாக மிட்டாய் கேட்டு வருவதும் சிங்கப்பூரில் பழகிப்போன காட்சி.

கிறிஸ்துவப் பெற்றோர் பலருக்கு இது சங்கடமான மாதம். “நம் வீட்டில் இதெல்லாம் கிடையாது” என்று சொல்லிவிடலாம். ஆனால், 31ஆம் தேதி மாலை மற்ற பிள்ளைகள் சிரித்துக்கொண்டு போவதை நம் பிள்ளை சன்னல் வழியே பார்த்து நின்றால், அவன் மனத்தில் பதிவது விசுவாசமா, தனிமையா?

வானொலியில் வேலை செய்யும் எனக்கு ஒன்று நன்றாகத் தெரியும். ஒரு பாட்டை நிறுத்தினால் அடுத்ததை உடனே போட்டாக வேண்டும். பத்து விநாடி மௌனம் போதும், நேயர் வேறு அலைவரிசைக்குப் போய்விடுவார். வீட்டிலும் அதே கதைதான்.

ஹாலோவீனைப் பெரிதாகக் கொண்டாடும் அமெரிக்காவில் தேவாலயங்கள் இதை வெகுகாலமாக யோசித்து வருகின்றன. அங்கே அது இலையுதிர்காலம், விளைச்சல் வீட்டுக்கு வரும் நேரம். ஆகவே, பல சபைகள் அந்த வாரத்தில் ‘அறுவடை விழா’ நடத்துகின்றன. பேய், சூனியக்காரி வேடங்களுக்குப் பதிலாகப் பிள்ளைகள் நோவாவாகவும் தாவீதாகவும் எஸ்தராகவும் வருகிறார்கள். தேவாலயக் கார் நிறுத்துமிடத்தில் கார்களை வரிசையாக நிறுத்தி, பின்பெட்டியைத் திறந்து அலங்கரித்து, அங்கிருந்தே மிட்டாய் கொடுக்கிறார்கள்.

குடும்பமாகத் தோட்டத்துக்குப் போய் ஆப்பிள் பறிப்பதும், வைக்கோல் பரப்பிய வண்டியில் சுற்றிவருவதும் உண்டு. ஆளுயர மக்காச்சோளக் கொல்லைக்குள் புதிர்ப்பாதை வெட்டி வழிதேடும் விளையாட்டு, 1993ல் பென்சில்வேனியாவின் ஆன்வில் என்ற ஊரில் தொடங்கிப் பரவியது. பூசணிக்காயில் பயமுறுத்தும் முகத்துக்குப் பதில் சிரித்த முகத்தையோ சிலுவையையோ செதுக்கி, உள்ளே விளக்கு வைப்பார்கள். குடைந்தெடுத்த விதையும் வீணாவதில்லை. கழுவி உப்பும் எண்ணெயும் பிசறி வறுத்தால், எல்லாரும் உட்கார்ந்து கொறிக்கலாம்.

இவற்றிலெல்லாம் என்னை அதிகம் கவர்ந்தது ஒரு குடும்பத்தின் முயற்சி. பிலடெல்ஃபியாவைச் சேர்ந்த பிரஸ்பிட்டேரியன் போதகர் கிளைட் அலிசனும் அவர் மனைவி மேரி எம்மாவும் வாசல் வாசலாகப் போகும் வழக்கத்தைத் தடுக்கவில்லை. அதன் நோக்கத்தை மாற்றினார்கள். 1950ல் அவர்களின் பிள்ளைகள் பால் அட்டைப்பெட்டிகளை ஏந்திச் சென்று, உலகின் ஏழைக் குழந்தைகளுக்காக யூனிசெஃப் அமைப்புக்குச் சில்லறை கேட்டார்கள். அந்த முதல் முயற்சியில் சேர்ந்தது 17 டாலர். பிறகு அது அமெரிக்கா முழுவதும் பரவி, 15 கோடி டாலருக்கும் மேல் திரட்டியது. கதவைத் தட்டியது அதே பிள்ளைகள்தான். ஆனால், தங்களுக்காகக் கேட்கவில்லை.

ஒரு நல்ல மாற்றுக்கு இதுதான் அடையாளம் என்று நினைக்கிறேன். பிள்ளையை வீட்டுக்குள் பூட்டி வைக்காமல், அவனை அடுத்தவரிடம் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.

நம் ஊரில் இலையுதிர்காலம் இல்லை, ஆப்பிள் தோட்டமும் இல்லை. அதற்காகக் கவலைப்பட வேண்டாம். ஹாலோவீன் என்ற பெயருக்கே ‘புனிதர்கள் திருநாளின் முந்தைய மாலை’ என்றுதான் பொருள். நவம்பர் 1 அனைத்துப் புனிதர்கள் திருநாள். மறுநாள் கத்தோலிக்கர்களுக்குக் கல்லறைத் திருநாள். அதே அக்டோபர் 31ஆம் தேதிதான், 1517ல் மார்ட்டின் லூதர் தம் 95 கருத்துரைகளை வெளியிட்ட நாளாகச் சீர்திருத்தச் சபைகள் நினைவுகூர்கின்றன. அந்த மாலையில் பிள்ளைகளுக்குச் சொல்ல நம்மிடம் கதைக்குப் பஞ்சமே இல்லை.

தாத்தா பாட்டியின் பழைய படங்களை எடுத்து வைத்து, அவர்கள் எந்த ஊரிலிருந்து வந்தார்கள், எப்படி ஜெபித்தார்கள் என்று சொல்லலாம். சுவா சூ காங் கல்லறைத் தோட்டத்துக்குப் பிள்ளையை அழைத்துப் போய் மெழுகுவத்தி ஏற்றச் சொல்லலாம். கல்லறை என்றால் பயப்பட வேண்டிய இடமில்லை, நம்மை நேசித்தவர்கள் உறங்கும் இடம் என்பதை அவனே புரிந்துகொள்வான். பூசணிக்காய் வாங்கிக் குடும்பமாகச் சூப் வைத்து, அதே மாடியில் தனியாக வசிக்கும் முதியவருக்கு ஒரு கிண்ணம் கொண்டுபோகலாம். தட்டுவதும் கொடுப்பதும் பிள்ளையின் வேலையாக இருக்கட்டும்.

அந்த நேரத்தில் வேடமிட்ட பிள்ளைகள் உங்கள் வாசலுக்கும் வரக்கூடும். விளக்கை அணைத்துவிட்டு வீட்டில் ஆள் இல்லாததுபோல இருக்க வேண்டாம். அவர்களும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள்தானே? ஆளுக்கொரு மிட்டாயோடு, வறுத்த பூசணி விதையும் ஒரு பிடி கொடுத்தனுப்புங்கள்.